நாற்பத்து நான்கு வயதுப் பொடியன்

போன சனிக்கிழமை கொலோனில் எங்கள் ஆட்களுடைய கடையொன்றில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அடுத்த தட்டுப் பக்கம் ‘படார்’ என்று ஒரு சத்தம். யாரோ ஒரு குழந்தை கையை நீட்டியிருக்கிறது. போத்தல் ஒன்று கீழே விழுந்து உடைந்து, நிலமெல்லாம் சிவப்பாக எண்ணெய் ஓடியது. கடைக்காரர் பாய்ந்து வந்தார்.

“ஒருத்தரும் அசையாதேங்கோ! வழுக்கி விழுந்தா நான் பொறுப்பில்லை!”

எல்லோரும் நின்ற இடத்தில் நின்றார்கள். நான் மட்டும் எண்ணெய்ப் பக்கமாக ஓரடி எடுத்து வைத்தேன். மணம் இழுத்துவிட்டது. இங்கே எங்களவரின் கடைகளில் பாதி யாழ்ப்பாணம், பாதி ஆபிரிக்கா என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு தட்டில் ஒடியல் மா, எதிர்த் தட்டில் மரவள்ளி மா. உடைந்தது ஆபிரிக்கத் தட்டில் இருந்த சிவப்புப் பாம் எண்ணெய். அவித்த கரட்டும் விறகுப் புகையும் கலந்தது போல ஒரு மணம். பழகாதவர்கள் மூக்கைப் பொத்துவார்கள், நானும் ஒரு காலத்தில் பொத்தியவன்தான்.

“இஞ்சால வாங்கோ, சப்பாத்து பழுதாப் போகுது” என்றாள் மனைவி.

“உம்பானா” என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். “ஓ, அந்தக் கள்ளன்!”

கள்ளன்தான். என் மதியச் சாப்பாட்டை இரண்டு வருடமாகக் களவெடுத்தவர். இன்றைக்கு அவரைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன். முருங்கைக்காயை அன்று வாங்க மறந்துவிட்டேன், அதற்கும் வீட்டில் பேச்சு வாங்கினேன்.

இருபது வருடங்களுக்கு மேலாகிறது. அப்போது நாங்கள் பிராங்பேர்ட்டில் இருந்தோம். நகரத்துக்கு வெளியே, எஸ்-பான் ரயிலில் போய் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் ஒரு பெரிய சமையற்கூடம். ஆஸ்பத்திரிகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் அங்கேயிருந்துதான் சாப்பாடு போகும். சமைக்கிற பக்கம் வெள்ளைத் தொப்பிக்காரர்களுக்கு. கழுவுகிற பக்கம் எங்களுக்கு. அழுக்குத் தட்டுகள் ஓடும் பட்டியில் வரிசையாக வரும். ஒருவர் மிச்சத்தைத் தட்ட, ஒருவர் அடுக்க, இயந்திரம் விழுங்கி மறுபக்கம் சுடச்சுடத் துப்பும். ஆவியில் மூக்குக்கண்ணாடி மங்கிவிடும், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. நான் கல்யாணம் முடித்து ஒரு வருடம், இருபத்தாறு வயது, உலகத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு.

அங்கேதான் உம்பானா. பெயரைச் சரியாகச் சொல்வதென்றால் ‘ம்’ என்று உதட்டை மூடிக்கொண்டு தொடங்கவேண்டும். எங்களுக்கு அது வரவில்லை, முன்னால் ஒரு ‘உ’ போட்டுக்கொண்டோம். மேற்கு ஆபிரிக்காவில் கினி-பிசாவு என்ற சின்ன நாடு. அங்கே பலாந்தா என்ற சனம். அந்தச் சனத்தில் பிறந்து, லிஸ்பனில் பல வருடம் கட்டட வேலை செய்து, பிறகு ஜேர்மனிக்கு வந்தவர். நல்ல உயரம். உள்ளங்கை ஒரு சாப்பாட்டுத் தட்டளவு. எனக்கும் அவருக்கும் பொதுமொழி உடைந்த டொச், அதாவது ஜேர்மன். அதை அப்படியே எழுதினால் உங்களுக்கும் எனக்கும் மானக்கேடு. ஆகவே எல்லோரையும் என் ஊர்த் தமிழிலேயே கதைக்கவிடுகிறேன். பின்னால் ஒரு ஜேர்மன் பெண்மணியும் யாழ்ப்பாணத் தமிழ் கதைப்பார். சிரிக்கக்கூடாது, எனக்கு வேறு தமிழ் எழுத வராது.

முதல்நாள் மதிய இடைவேளையில் என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபோது அவர் எட்டிப்பார்த்தார். கேட்காமலே ஒரு சோற்றுப்பருக்கையை எடுத்து உள்ளங்கையில் வைத்து நசித்தார். புழுங்கலரிசி.

“நல்ல நெல்லு. உங்கட வயல் கடலிலயிருந்து எவ்வளவு தூரம்?”

எங்கள் அப்பா தபால் கந்தோரில் கிளார்க். வயலை நான் பார்த்ததெல்லாம் பஸ் ஜன்னலால்தான். ஆனால் ஒரு நெல் மனிதன் இன்னொரு நெல் மனிதனிடம் கேட்பதுபோல அவ்வளவு மரியாதையாகக் கேட்டபோது, இல்லையென்று சொல்ல மனம் வரவில்லை.

“கிட்டத்தான்” என்றேன்.

“அப்ப அணையை எத்தினை பேர் கட்டுவியள்?”

“அணையோ?” என்று நான் இழுத்த இழுப்பில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தலையிலடித்துக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகு ஒரு மாதம் முழுக்க எனக்குப் பாடம். பலாந்தாக்காரரின் வயல் கடல் கொடுத்த வயல் இல்லையாம், கடலிடமிருந்து பறித்த வயல். கடலோரச் சேற்றில் வளரும் கண்டல் மரங்களை வெட்டி, சேற்றால் நீள அணை கட்டி, உப்புத்தண்ணீரை வெளியே நிறுத்துவார்கள். பிறகு மழை பெய்து பெய்து உப்பைக் கழுவ வருடக்கணக்கில் காத்திருப்பார்கள். அதன்பிறகுதான் நாற்று. மண்ணைப் புரட்டுவதற்கு ஆளுயரத்துக்கு மேல் நீண்ட ஒரு மரமண்வெட்டி, நுனியில் இரும்பு. தனியொரு ஆளால் ஆகாத வேலை. ஒரே வயதுக்காரப் பொடியன்கள் கூட்டமாக, பாட்டுப் போட்டுக்கொண்டு, யார் முந்துவது என்று போட்டிக்கு வெட்டுவார்கள்.

இதையெல்லாம் அவர் நடித்துக்காட்டியது எங்கள் கழுவுமிடத்தில், நிலத்துத் தண்ணீரைத் தள்ளும் ரப்பர்க் கட்டையால். அந்த நிலத்தில் தண்ணீர் தேங்கினால் அவரால் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது. ஈரத் துவாய்களைச் சுருட்டி வரம்பு கட்டி, இரண்டு திருப்பம் கொடுத்து, தண்ணீரைச் சாக்கடைக் கம்பி வரைக்கும் ஓடவைப்பார். அவர் இருந்த வேளைகளில் எங்கள் சப்பாத்துகள் காய்ந்தே இருந்தன. அவர் லீவு எடுத்த நாளில் நாங்கள் வாத்துக்கூட்டம் மாதிரி நடந்தோம்.

குடிக்கும்போது இன்னொரு வழக்கம். கோப்பியோ தண்ணீரோ, முதல் துளி நிலத்துக்கு. முன்னே போனவர்களுக்கு. சுகாதாரம் சுகாதாரம் என்று உயிரை விடுகிற இடத்தில் இது எப்படி நடக்கும்? எங்கள் மேற்பார்வைக்கும் ஆளணிக்கும் பொறுப்பாக ஃபிராவ் கெல்லர் என்று ஒரு பெண்மணி இருந்தார். தடித்த கண்ணாடி, கையில் எப்போதும் ஒரு கோப்பு. அவர் ஒருநாள் கோப்பித் துளியைக் கண்டுபிடித்துக் கோபமாகப் பேசிவிட்டார். மறுநாளிலிருந்து உம்பானா துளியைச் சாக்கடைக் கம்பிக்குள் விட்டார். 

“இதால போனாலும் அவைக்குப் போய்ச் சேருமோ?” என்று கேட்டேன்.

“அவை பக்கத்திலதான் இருக்கினம், எதால குடிச்சாலும் அவைக்கு ஒண்டுதான். கடவுள்தான் தூரம். அவரிட்ட டெர்மின் எடுக்க ஏலாது.”

எதற்கும் டெர்மின் என்று முன்கூட்டியே நேரம் குறிக்கவேண்டிய ஜேர்மனியில் வாழ்ந்த ஒருவரால்தான் கடவுளைப் பற்றி இப்படிச் சொல்லமுடியும் என்று நினைத்துக்கொண்டேன்.

இனிக் களவுக் கதை. பலாந்தாப் பொடியன்கள் மாடு களவெடுப்பார்களாம். பசிக்கில்லை, துணிச்சலைக் காட்ட. பிடிபடாமல் கொண்டுவந்தால் பெருமை, பெண்கள் பாட்டுக் கட்டுவார்கள். மாட்டுக்காரன் திட்டுவான், அவனும் தன் காலத்தில் எடுத்தவன்தான். பிராங்பேர்ட்டில் மாட்டுக்கு எங்கே போவது? என் சாப்பாட்டுப் பெட்டியில் கை வைத்தார். பூட்டி வைத்தாலும் போய்விடும். ஒரு மணிக்குத் தேடினால் இருக்காது; ஒன்றரைக்கு அதே இடத்தில் இருக்கும். பாதிச் சோறு போயிருக்கும். பதிலுக்குப் பாம் எண்ணெயில் பிரட்டிய அவருடைய மீனும், பலகாரப் பகுதியிலிருந்து வந்த ஒரு புடிங்கும் இருக்கும். புடிங் எப்படி வந்தது என்று கேட்டால் இரண்டு கைகளையும் விரித்து வானத்தைப் பார்ப்பார். மனைவி இந்தக் கதையைக் கேட்டு, தினமும் ஒன்றரை ஆளுக்குச் சோறு கட்டத் தொடங்கினாள். தட்டு வண்டிகளைத் தள்ளும்போது உம்பானா ஆடுவார். தள்ளுவது, விடுவது, ஒரு சுற்றுச் சுற்றிவந்து மோதுவதற்கு முன் பிடிப்பது. அடுக்கியிருக்கும் முந்நூறு தட்டில் ஒன்றுகூட விழாது. சமைக்கிற பக்கத்து வெள்ளைத் தொப்பிகளும் எட்டிப்பார்ப்பார்கள்.

கழுவுகிற பக்கத்துத் தமிழர்கள் நாங்கள் அவரை ‘உம்பானா அண்ணை’ என்றுதான் கூப்பிட்டோம். நாற்பத்து நான்கு வயது, வேறெப்படிக் கூப்பிடுவது? எங்களிடமிருந்து அண்ணை, தம்பி என்ற இரண்டு சொற்களையும் கேட்டுக் கேட்டுப் பொருளைப் பிடித்துக்கொண்டவர், ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“நீங்கள் என்னை அண்ணை எண்டுறது பிழை. நான்தான் தம்பி. நீங்கள் அண்ணை.”

“எனக்கு இருபத்தெட்டு.”

“உங்களைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனவையோ?”

அப்போதுதான் விளங்கியது. அவர்களில் ஒரு ஆண் வயதால் பெரியவனாவதில்லை. ஃபனாது என்று ஒரு பெரிய சடங்கு. பல வருடங்களுக்கு ஒருமுறைதான் வைப்பார்கள். ஊருக்கு அப்பால் காட்டுக்குள் கொண்டுபோய் மாதக்கணக்கில் வைத்திருந்து அனுப்புவார்கள். போய் வந்தவன் சிவப்புத் தொப்பி போடுவான், சபையில் பேசுவான், வீட்டுக்குத் தலைவனாவான். போகாதவன் தலை நரைத்தாலும் பொடியன். பொடியனுக்குக் களவெடுக்கலாம், ஆடலாம், கூத்தடிக்கலாம். சபையில் வாய் திறக்கக்கூடாது. உம்பானா லிஸ்பனில் சீமெந்து குழைத்துக்கொண்டிருந்தபோது ஊரில் ஒருமுறை சடங்கு நடந்து முடிந்துவிட்டது. அவருடைய அக்கா மகன்கூடப் போய் வந்துவிட்டான்.

நானும் ஒரு ஆண்பிள்ளைதானே? ரோசம் வந்துவிட்டது. “ஓம், எங்களிலயும் இருக்கு. நானும் போய் வந்தனான்” என்று சொல்லிவிட்டேன். என் மனதிலிருந்தது கல்யாணத்துக்கு முதல்நாள் மாமா வீட்டில் நான் பட்ட பாடு. அவர் நம்பி, தலை குனிந்தார். அன்றிலிருந்து என்னைவிடப் பதினாறு வயது மூத்தவர் எனக்கு ‘அண்ணை’ என்று சொல்லத் தொடங்கினார். வெட்கமாக இருந்தது, ஆனால் வேண்டாமென்று சொல்லவில்லை.

இதனால் எனக்கு இன்னொரு லாபமும் வந்தது, இப்போது சொல்லிவிடுகிறேன். மாதமொருமுறை ஃபிராவ் கெல்லர் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசுவார். இயந்திரம் ஏன் நிற்கிறது, தட்டு ஏன் உடைகிறது, என்ன செய்யலாம். இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் தெரிந்தவர் உம்பானா. ஆனால் அது அவருக்குச் சபை. சபையில் பொடியன் பேசமாட்டான். நிலத்தைப் பார்த்துக்கொண்டு எனக்குப் பின்னால் நின்று காதுக்குள் சொல்வார்: “பட்டி வளையிற இடத்தில ஒரு உருளை தேஞ்சுபோச்சு.” நான் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து, “பட்டி வளையும் இடத்தில் ஓர் உருளை தேய்ந்திருக்கிறது என்பது என் அவதானம்” என்பேன். சில மாதத்திலேயே நான் உதவி மேற்பார்வையாளன். உம்பானாதான் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார்.

ஒரு மாரி காலத்தில் அவருக்கு ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. அன்று வண்டி நேராகப் போனது, என் சாப்பாட்டுப் பெட்டி தொடாமல் இருந்தது. நானாகப் போய்க் கேட்டேன்.

“இந்த முறை நல்ல விளைச்சலாம். ஃபனாது வைக்கப்போகினமாம்.”

“நல்லதுதானே! போயிட்டு வாங்கோ.”

“மூண்டு மாசம் வேணும். ஆர் விடப்போகினம்?” பிறகு சொன்னார்: “அப்பா செத்து ரெண்டு வருசம். அவருக்கு மாடு வெட்டிச் செய்யிற பெரிய சடங்கு இன்னும் செய்யேல்ல. நான் மூத்தவன். ஆனா பொடியன். அப்பான்ர சடங்கில நான் ஒரு சொல்லும் பேச ஏலாது, ஓரமா நிண்டு பாக்கலாம். இதை விட்டா அடுத்தது எப்பவோ தெரியாது. நான் செத்தாலும் என்னைப் பொடியனாத்தான் தாப்பினம்.”

இவ்வளவு நீளமாக அவர் சிரிக்காமல் கதைத்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஆளும் வேண்டும் வயலுக்கு. இளம் பொடியன்கள் எல்லாம் நகரத்துக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்களாம். அணை உடைந்தால் கட்ட ஆளில்லை. ஒருமுறை உப்புத்தண்ணீர் உள்ளே வந்தால் சில வருடத்துக்கு நெல் இல்லை. தலைவனில்லாத வீட்டின் பங்கு அணைதான் முதலில் உடையும் என்றார்.

“அன்ட்ராக் நான் எழுதுறன்” என்றேன். விண்ணப்பம் எழுதுவதில் எனக்கு அப்போது நல்ல பெயர். அகதி விண்ணப்பம் தொடங்கி பிள்ளைப்பேற்று உதவி வரைக்கும் பாதி பிராங்பேர்ட் என் கையெழுத்தில் வாழ்ந்தது. மூன்று மாதம் சம்பளமில்லாத விடுப்புக் கேட்டு, அழகான டொச்சில், ஒன்றரைப் பக்கம் எழுதினேன். நானே கூட்டிக்கொண்டும் போனேன்.

ஃபிராவ் கெல்லர் கண்ணாடியை ஏற்றி வாசித்தார்.

“காரணம்: பெரிய ஆளாக வேணும் எண்டு போட்டிருக்கு. இவருக்கு நாப்பத்து நாலு.”

“ஓம்” என்றேன்.

“அங்க மூண்டு மாசமும் என்ன செய்வினம்?”

நான் உம்பானாவைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார். “தெரியாது. பொடியளுக்குச் சொல்லமாட்டினம்.”

“என்ன எண்டு தெரியாத ஒரு விஷயத்துக்கு விடுப்போ? சரி, எந்தத் திகதி தொடங்குது?”

“அது பெரியாக்கள் சொல்லேக்கதான் தெரியும்.”

ஃபிராவ் கெல்லர் பேனையை மெதுவாகக் கீழே வைத்தார். அவர் நல்ல மனிசி. உதவி செய்யத்தான் பார்த்தார். “அப்ப உங்கட தலைவரிட்ட ஒரு கடிதம் வாங்குங்கோ. கையெழுத்தும் முத்திரையும் இருந்தாக் காணும்.”

“எங்களுக்குத் தலைவர் இல்லை.”

“ராசா? கிராமத் தலைவர்?”

“ஒருத்தரும் இல்லை. எப்பவும் இருந்ததில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தந்த வீட்டுக்காரர்.”

காரணம் தெரியாது, திகதி கிடையாது, முத்திரை குத்த ஆளில்லை. ஒரு ஜேர்மன் விண்ணப்பத்துக்கு வேண்டிய மூன்றும் இல்லை. ஒன்றரைப் பக்க டொச் அந்த மேசையில் அநாதையாகக் கிடந்தது. பிறகு ஃபிராவ் கெல்லர்தான் கேட்டார்: “இஞ்ச ஜேர்மனியில உங்கட ஆக்களில பெரிய ஆள் எண்டு ஆர் இருக்கினம்? அவர் வந்து எனக்கு விளங்கப்படுத்தட்டும்.”

உம்பானா யோசித்தார். “என்ர அக்கா மகன் இருக்கிறான், ஹம்பேர்க்கில. கட்டடங்களுக்குச் சாரம் கட்டுற வேலை. அவர்தான் எனக்குப் பெரியவர்.” அந்த ஒரே வாயால் அவன், அவர் இரண்டையும் சொன்னார். (டொச்சில் அந்த வித்தியாசம் இல்லை, ஆனால் குரலில் இருந்தது.)

அடுத்த வியாழக்கிழமை அந்தப் பெரியவர் வந்தார். இருபத்தேழு வயது, மீசை சரியாக முளைக்காத முகம், இஸ்திரி போட்ட கோட்டு, தலையில் சிவப்புத் தொப்பி. ஃபிராவ் கெல்லர் உம்பானாவைக் கதிரையில் உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. மருமகன் உள்ளே வந்து, கைகொடுத்து, ஆறுதலாக உட்கார்ந்த பிறகும் சுவரோடு நின்றார். ஃபிராவ் கெல்லர் நாலு கோப்பி கொண்டுவரச் செய்தார். மருமகன் ஒரு மிடறு குடித்துக் கோப்பையை வைக்கும்வரை உம்பானா தன் கோப்பையைத் தொடவில்லை. இரண்டு வருடமாக இந்தக் கட்டடத்தில் ஆடிக்கொண்டு திரிந்த ஆள்! நான் வாயைப் பிளந்து பார்த்தேன், ஃபிராவ் கெல்லரும் பார்த்தார்.

“உங்கட மாமா அங்க என்ன செய்யப்போறார்?” என்று கேட்டார்.

“சொல்ல ஏலாது” என்றார் மருமகன். “ஆனா அவர் போகவேணும். போகாட்டி அவற்ற அப்பான்ர வீட்டில பேச ஆளில்லை. அதுக்கு நான் பொறுப்பு.”

“எங்க கையெழுத்து வைப்பியள்?”

மருமகன் பேனையை வாங்கி, நான் எழுதிய ஒன்றரைப் பக்கத்தின் அடியில் தன் பெயரை நிதானமாக எழுதினார். ஃபிராவ் கெல்லர் அதை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, மேசை இலாச்சியைத் திறந்து, தன்னுடைய முத்திரையை எடுத்துப் பக்கத்தில் குத்தினார். “முத்திரை இல்லாம இதைக் கோப்பில போட ஏலாது” என்றார், எங்களைப் பார்க்காமல். வெளியே வந்ததும் உம்பானா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். மருமகன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

போகமுதல் உம்பானா வாங்கிய பொருள் பிளாஸ்டிக் குழாய். அணைக்குக் கீழே மழைத்தண்ணீரை வெளியே விட முன்பெல்லாம் பனந்தண்டைக் குடைந்து வைப்பார்களாம், உக்கிப்போகும், இது உக்காது. கட்டடச் சாமான் கடையில் ஒவ்வொரு குழாயையும் கண்ணுக்கு வைத்து, மறுமுனையில் நின்ற என் மூக்கைப் பார்த்துத் தெரிவுசெய்தார். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, நடுக்குழாய்க்குள் தன் உடுப்புகளைத் திணித்து, பிராங்பேர்ட் விமான நிலையத்துக்குக் கொண்டுவந்தார். பெட்டி இல்லை. “உங்கட பொதி எங்க?” என்று கேட்ட பெண்ணிடம் குழாயைக் காட்டினார். அதை ஏற்ற நாங்கள் பட்ட பாட்டைத் தனியாகத்தான் எழுதவேண்டும். கடைசியில் தடுப்புக்கு அப்பால் போய்த் திரும்பிப் பார்த்து, என் சாப்பாட்டுப் பெட்டியை உயர்த்திக் காட்டினார். எப்போது எடுத்தாரோ தெரியாது.

மூன்று மாதமும் ஒரு கிழமையும். அவர் வருகிற நாளுக்கு நாங்கள் தயாராக இருந்தோம். வண்டியொன்றைத் துடைத்து வழியில் நிறுத்தி வைத்தோம். என் பெட்டியில் ஒன்றரை ஆள் சோறு.

உம்பானா வந்தார். தலையில் சிவப்புத் தொப்பி, அதற்கு மேல் சமையற்கூடத்து முடிவலை. யாரும் சிரிக்கவில்லை. நடை மாறியிருந்தது, அடியை வைத்து, அது நிலத்தில் நன்றாகப் பதிந்த பிறகுதான் அடுத்த அடி. எல்லோருக்கும் கைகொடுத்தார். வண்டியைப் பார்த்தார், இரண்டு கையாலும் பிடித்தார், நேராகத் தள்ளிக்கொண்டு போனார்.

பிறகு என்னிடம் வந்து, கையை ஒரு மாதிரி மடித்துக் காட்டி, அவருடைய மொழியில் நாலு சொல் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். காட்டுக்குப் போய் வந்த எவனும் திருப்பிச் சொல்லவேண்டிய ஏதோ ஒன்று என்று எனக்கே விளங்கியது. என் கல்யாணத்தில் அதைச் சொல்லித்தரவில்லை. முழித்தேன். அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது, அன்றைக்கு வந்த ஒரே சிரிப்பு.

“சரி தம்பி” என்றார். “நீர் போய் வேலையைப் பாரும்.”

அந்த மாதக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்று அரைமணி நேரம் பேசினார். உருளை, வெந்நீர்க்குழாய், தட்டு அடுக்குகிற முறை, யார் எங்கே நிற்கவேண்டும். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. ஃபிராவ் கெல்லர் குறிப்பெடுத்துக்கொண்டே வந்து, இடையில் கண்ணாடிக்கு மேலால் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“இதெல்லாம் முந்தி நீங்கள் சொல்லுறது மாதிரியே இருக்கு” என்றார்.

நான் கூரையைப் பார்த்தேன். அடுத்த வருடம் உம்பானா மேற்பார்வையாளர். நான் அவருக்கு உதவி. நியாயமானதுதான், எனக்கு அதில் குறையில்லை. அப்பாவுடைய சடங்குக்கு மறுபடி ஊருக்குப் போய்வந்து, தான் அங்கே பேசியதை மெல்லிய குரலில் எனக்குச் சொன்னார். சொல்லிமுடித்தபோது அவருடைய கண் கலங்கியிருந்தது, என்னுடையதும். அவர் காட்டுக்குப் போனதில் எனக்கு இருந்த சந்தோசம் பொய்யில்லை.

பத்து வருடம் கழித்து, அணையைப் பார்க்க ஆள் வேண்டுமென்று ஒரேயடியாகப் போய்விட்டார். வழியனுப்ப நானும் மனைவியும் போனோம். இந்த முறை ஒழுங்கான பெட்டி, ஒழுங்கான சீட்டு. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசி நேரத்தில் சொன்னேன்.

“அண்ணை, முந்தி இஞ்ச ஒருத்தர் வண்டியோட ஆடுறவர். என்ர சோத்தைக் களவெடுக்கிறவர். எனக்கு இடைக்கிடை அவற்ற ஞாபகம் வரும்.”

உம்பானா சிவப்புத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

“எனக்கும்தான், தம்பி” என்றார். “நல்ல பொடியன் அவன்.”

அந்தச் சமையற்கூடம் இப்போது இல்லை. இடித்துவிட்டு யாருக்கோ கணினிகள் அடுக்கி வைக்கும் மண்டபம் கட்டியிருக்கிறார்களாம். ஃபிராவ் கெல்லர் ஓய்வுபெற்று, பிறகு காலமாகிவிட்டார். உம்பானாவோடு வருடத்தில் இரண்டு முறை கதைக்கிறேன். அணை நிற்கிறது, குழாய் உக்கவில்லை, பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர் இல்லாமல் போகவில்லை. போனது அந்த மற்றப் பொடியன். அவனைத் திரும்பி வராத இடத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்ட விண்ணப்பத்தை, ஒன்றரைப் பக்கம், ஒரு பிழையுமில்லாமல், என் கையால் நான்தான் எழுதினேன். இன்றைக்குக் கேட்டாலும் எழுதிக்கொடுப்பேன். கொஞ்சம் மெதுவாக எழுதுவேன், அவ்வளவுதான்.